இடது பின் பலூன்

காலையில் காரைக் கிளப்புவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு அதை ஒருமுறை சுற்றி வருவது என் வழக்கம். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளப்பேன். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. வரிசை மாறாது. நான்கு எண்களையும் நாட்குறிப்பின் மேல் வரியில் எழுதிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். நல்லூரில் எங்கள் தெருவுக்கு இது நல்ல வேடிக்கை. எதிர் வீட்டில் பத்து மெஷின் போட்டு பனியன் தைப்பவர் பல் துலக்கியபடியே கேட்பார்.

"ஏனுங்க, காருக்குச் சட்டை தைக்கறீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க. துணி எத்தனை கிலோ பிடிக்கும்னு உங்களைத்தான் கேக்கோணும்."

அளப்பது எனக்குத் தொழில். இருபத்திரண்டு வருடம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். இப்போது முதலிபாளையத்தில் சொந்தமாக ஒரு செக்கிங் யூனிட் நடத்துகிறேன். மற்றவர்கள் தைத்த டி-ஷர்ட்டுகளை எங்கள் மேசையில் விரித்து, அளவு பார்த்து, கறை பார்த்து, மடித்துப் பெட்டியில் போடுவது வேலை. மார்பளவு அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பீஸ் தனியே போகும்.

கார் பதினான்கு வயதான வெளிநாட்டுக் கார். என் பழைய முதலாளியிடமிருந்து வாங்கியது. சாவியைக் கையில் கொடுக்கும்போதே அவருடைய டிரைவர் சொன்னார்: "இதுக்கு ஸ்பிரிங்கே கெடையாதுங்க சார். காத்துலதான் நிக்குது. பாத்து வெச்சுக்குங்க." கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மற்றக் கார்களில் இரும்புச் சுருள் இருக்கும் இடத்தில் இதற்கு நான்கு ரப்பர் பலூன்கள். டிக்கிக்கு அடியில் ஒரு சின்னக் கம்ப்ரசர். அதிலிருந்து ஒவ்வொரு பலூனுக்கும் பென்சிலை விட மெலிந்த குழாய். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சார். பின் சீட்டில் கனமானவர் ஒருவர் ஏறினால் கார் அந்தப் பக்கம் தாழும், உடனே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு நேராகும்.

புதிதில் இது அதிசயமாக இருந்திருக்கும். வயதானதும் இத்தனை உறுப்புகளில் ஏதாவது ஒன்று தன் இஷ்டத்துக்கு நடக்கும். சென்சார் பொய் சொன்னால் கார் ஒரு காலைத் தூக்கி நிற்கும். குழாய் ஒழுகினால் நிறுத்திய இடத்திலேயே மெல்லப் படுக்கும். ஒருமுறை முதலிபாளையத்தில் எங்கள் யூனிட் வாசலில் அப்படிப் படுத்துவிட்டது. பக்கத்து நிட்டிங் கம்பெனியில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் மூன்று பேர் ஓடிவந்து, "சாப், பஞ்சர், பஞ்சர்!" என்று கத்தினார்கள். நான் இன்ஜினை முடுக்கினேன். கார் எழுந்து நின்றது. மூவரும் கை தட்டினார்கள். ஒருவன் இன்னொரு முறை படுக்கவைக்கச் சொல்லிக் கையால் காட்டினான்.

இதை வைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் மனைவியின் முதுகு. அவளும் செக்கிங் மேசையில் பன்னிரண்டு வருடம் நின்றவள். அடி முதுகில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் இரண்டு நாள் படுக்கை. முன்பிருந்த சின்னக் காரில் வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றிக்கொண்டு எழும்பி உட்காருவாள். இந்தக் காரை வாங்கிய வாரம் அவளை அவிநாசி வரை கூட்டிப்போனேன். பாதி வழியில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைய குறிப்பில் "வலி இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு பலூனின் எந்தச் சேட்டையும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

போன வருடம் என் மைத்துனனுக்குப் பெண் அமைந்தது. அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. வெள்ளகோவில் பக்கம் தோட்டம், ஏழெட்டு தறி, நல்ல குணம் எல்லாம் இருந்தும் ஒன்பது வருடம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். செய்தி வந்த அன்று மனைவி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்: "ஏனுங்க, நம்ம காரு அதுவரைக்கும் தாங்குமுங்களா?"

காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மணமகனின் சகோதரி கூறைச் சேலை வைத்த மூங்கில் பேழையைத் தலையில் ஏந்தி அவன் பக்கத்தில் நிற்பாள். சேலையின் ஒரு முனை அவனிடம் இருக்கும். மனைவி என்று ஒருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு உரிய இடம் போகாது என்று சபைக்குச் சொல்லும் சீர் அது. என் மனைவி அவனுக்கு ஒரே அக்கா. அவள் போய் நிற்க முடியாவிட்டால் அவளுடைய சித்தப்பா மகளைத்தான் நிறுத்த வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு தம்பிகளுக்குச் சீர் செய்த அனுபவம். அதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்லூரிலிருந்து கல்யாண மண்டபம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். காங்கயம் வரை சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குலுங்காமல் போனால் போகலாம், போய் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். குலுங்காமல் போக எங்களிடம் இருந்தது இந்தக் கார் ஒன்றுதான்.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது பின் இடது எண் குறைய ஆரம்பித்தது. முதல் நாள் கால் அங்குலம். மூன்றாம் நாள் முக்கால். ஒரு வாரத்தில், மாலை நிறுத்தினால் காலையில் அந்த மூலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் வெளிநாட்டுக் கார் பார்ப்பவர்களிடம் போனில் கேட்டேன். புதுப் பலூன் வெளியிலிருந்து வர வேண்டும், ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். சொல்லி வைத்தேன். கல்யாணத்துக்கு அது உதவாது.

எங்கள் ஊரில் ஆம்னி பஸ்களுக்கு ஏர் பலூன் மாற்றும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் ஷெட்டில் பஸ்ஸுக்கு நடுவே என் காரைத் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ரப்பரைத் தடவி முகர்ந்தார்.

"அண்ணாச்சி, இதுல என்னத்த ஊத்துனீய?"

"ஒண்ணும் ஊத்துலீங்களே. வயசாச்சுல்லீங்களா ரப்பருக்கு."

"வயசுன்னா நாலும்லா இப்பிடி இருக்கணும். மத்த மூணப் பாருங்க, அழுக்கா இருந்தாலும் கெட்டியா இருக்கு. இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு. சுத்தமா இருந்து கருவாடா வெடிச்சிருக்கு. யாரோ தின்னர் மாதிரி எதையோ போட்டுத் துடைச்சிருக்கான். எந்த வெவரங்கெட்ட பயலோ தெரியல."

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயல் யார் என்று சொல்லாமல் அவருக்கு நன்றி மட்டும் சொன்னேன்.

எங்கள் செக்கிங் மேசையில் ஸ்பாட் கன் என்று ஒன்று எப்போதும் இருக்கும். டி-ஷர்ட்டில் மெஷின் எண்ணெய் பட்டிருந்தால் அதில் உள்ள திரவத்தைப் பீச்சுவோம். கறை கண் முன்னால் மறையும். இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது இடது பின் பலூனில் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. கறை என்றால் என் கை சும்மா இருக்காது. யூனிட்டுக்குப் போய் ஸ்பாட் கன்னை எடுத்து வந்து அடித்துத் துடைத்தேன். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை, கறையைத்தான் பார்த்தேன். அடுத்த ஞாயிறும் கறை வந்தது. அடுத்த ஞாயிறும் அடித்தேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினால் எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. "இ.பி. பலூன் கறை எடுத்தேன். சுத்தம்." மொத்தம் பதினோரு ஞாயிறு. அந்தத் திரவம் ரப்பரில் பட்டால் ரப்பர் கெடும் என்று எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கும் தெரியும். கையுறை கரையும் என்று அவர்களை எச்சரிப்பவனே நான்தான்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் காரில் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். முதுகு அவளுடையது, தம்பி அவளுடையவன். சாப்பாட்டு மேசையில் நாட்குறிப்பைத் திறந்து வைத்து, பதினோரு ஞாயிறுகளையும் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"சுத்தம், சுத்தம், சுத்தம்னு எழுதிருக்கறீங்க. கடைசிப் பக்கத்துல அதுக்கு மேல அளவு எறங்கிட்டே வந்துருக்குது. ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்குதுங்களே. ஒரு நாளாச்சும் சேத்துப் படிக்கலீங்களா?"

"எழுதறதோட செரின்னு விட்டுட்டேன்."

"செக்கிங்ல ஒரு புள்ள இப்பிடிப் பண்ணியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"மேசைய விட்டு எறக்கியிருப்பேன்."

"உங்களை எங்க எறக்கறது? வண்டி ஓட்ட ஆளு வேணுமே." சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதன் பிறகு அவள் பேச்சு பழைய மேசைப் பேச்சாக மாறியது. "மெக்கானிக்கு என்னதான் சொன்னாரு?"

மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். ஓடும்போது பயமில்லை. ஒழுகுவதை விட வேகமாகக் கம்ப்ரசர் காற்றை அடைக்கும். நின்றால்தான் இறங்கும். இறங்குவதும் மெல்லத்தான். ஆனால் முழுக்கத் தரையில் படுத்துவிடக் கூடாது. வெடித்த ரப்பர் மடிந்து கிடந்தால், மறுபடி காற்று ஏறும்போது மடிப்பில் கிழிந்துவிடும். அதனால் நிறுத்தி வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் அலாரம் வைத்து எழுந்தாவது, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும்.

"அப்பிடின்னா பல்க்குக்கு முன்னால ஒரு பைலட் ரன் போட்டுப் பாத்துரலாங்க" என்றாள்.

ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன் ஐம்பது பீஸ் தைத்துப் பார்ப்பதை அப்படிச் சொல்வோம். அடுத்த ஞாயிறு பைலட் ரன் நடந்தது. எங்களோடு வரவிருந்த இரண்டு உறவினருக்குப் பதிலாக, எடைக்கு எட்டு அட்டைப் பெட்டி டி-ஷர்ட்டுகளைப் பின் சீட்டிலும் டிக்கியிலும் ஏற்றினோம். காங்கயம் தாண்டிப் போய், ஒரு புளியமரத்தடியில் இன்ஜினை நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் கொண்டுவந்திருந்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டோம். நான் அரை மணிக்கு ஒருமுறை அளந்தேன். இறங்கியது ஒன்றேமுக்கால் அங்குலம். முடுக்கியதும் நான்கு நிமிடத்தில் எழுந்தது. தோண்டிப் போட்ட பள்ளங்களில் கார் படகு போலப் போய் வந்தது. வீட்டு வாசலில் இறங்கி, இடுப்பில் கை வைத்து இரண்டு பக்கமும் வளைந்து பார்த்தாள்.

"பாஸுங்க" என்றாள்.

கல்யாணத்தன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஏழு ஐந்துக்கு மண்டபத்தில் நிறுத்தினோம். சீர் ஏழரைக்கு. எட்டு மணிக்குள் முடிந்திருக்கும். எட்டரைக்கு வந்து இன்ஜினை முடுக்கிவிட்டுப் போனால் தாலி கட்டும் நேரத்துக்கு உள்ளே இருக்கலாம். என் கணக்கு இதுதான்.

சீரின்போது மங்கல வாழ்த்துப் பாட வேண்டியவர் வரும் வழியில் பஸ் நின்றுபோய், எட்டே காலுக்குத்தான் வந்து சேர்ந்தார். எட்டு இருபதுக்கு மனைவி பேழையைத் தலையில் ஏந்தித் தம்பி பக்கத்தில் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. நான் முன் வரிசையில் இருந்தேன். எட்டரை ஆனது. வாழ்த்துப் பாடியவர் தாமதத்துக்கு ஈடு கட்டுவது போல ஒரு வரியையும் விடாமல் நிதானமாகப் பாடினார். எட்டு முப்பத்தைந்துக்கு நான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தலையில் பேழை இருந்ததால் தலை அசையவில்லை, கண் மட்டும் அசைந்தது. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் சாய்ந்தால் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அது நானாக இருக்க வேண்டும். சித்தப்பா மகள் வேறு பட்டுச் சேலையில் மேடைக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றிருந்தாள். நான் உட்கார்ந்தேன்.

நாற்பத்திரண்டு நிமிடம் நின்றாள். டாக்டர் சொன்னதை விடப் பன்னிரண்டு நிமிடம் அதிகம். முடிந்ததும் மைத்துனன்தான் பேழையை இறக்கினான். அக்காவின் முழங்கையைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமா, அக்கா நின்னுட்டாங்க பாத்தீங்களா!"

"பாத்தேன் மாப்ளே."

"வலிக்குதாக்கா?"

"வலிக்காம இருக்குமாடா? நீ போய்த் தாலியக் கட்டு. இன்னுமொரு ஒம்பது வருசம் யாரும் காத்திருக்க மாட்டாங்க."

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வெந்நீர் வாங்கிவரப் போனேன். உடனே முகூர்த்தம் வந்துவிட்டது. பிறகு பந்தி. நான் வாசலுக்குப் போனபோது மணி பதினொன்றரை. இடது பின் மூலை தரையோடு தரையாக இருந்தது. சுற்றிலும் உறவினர் கூட்டம்.

"ஏனுங்க மாப்பிள்ளை, காரும் பந்தியில உக்காந்துருச்சாட்ட இருக்குதே" என்றார் ஒரு பெரியவர்.

வேறு வழியில்லை. முடுக்கினேன். முன்பக்கம் எழுந்தது. வலது பின் எழுந்தது. இடது பின் இரண்டு விரல் உயரம் எழுந்து, துணி கிழிவது போன்ற சத்தத்துடன் உட்கார்ந்தது. மறுபடி எழவே இல்லை.

மனைவி தலையணையோடு மெல்ல நடந்து வந்து பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு நின்றிருக்க வேண்டும்.

"போச்சுங்களா?"

"போச்சு."

"வந்த வேலை முடிஞ்சுது. இனி அது எங்க படுத்தா என்னங்க?"

அவளை வேறு வண்டியில் தோண்டிப் போட்ட அந்தச் சாலையில் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்டபத்திலிருந்து அவள் அம்மா வீடு இரண்டு கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை. ஓர் ஆட்டோவில் நடைவேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தாள். கார் ஒரு லாரியில் ஏறி மைத்துனனின் தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பலூன் வரும் வரை அவள் அங்கே, நான் நல்லூரில் என்று முடிவானது.

மூன்று வாரம். மதியம் முதலிபாளையத்தில் மெஸ்ஸில் சாப்பிட்டேன். இரவு தோசை வார்த்துக்கொண்டேன். காலையில் அளக்க எதுவும் இல்லாததால் பத்து நிமிடம் மிச்சமானது, அதில் நடந்தேன். தினமும் போனில் அவளிடம் முதுகு எப்படி என்று கேட்பேன். அவள் வேறு விஷயமாகச் சொல்வாள். புதுப் பெண் நன்றாகப் படித்தவள், ஆனால் தம்பி வாயே திறப்பதில்லை. அவனைப் பேசவைப்பது எப்படி என்று அவளுக்குத் தான் சொல்லித் தருவதாக. தறி ஓடும் சத்தத்தில் மதியம் நன்றாகத் தூக்கம் வருவதாக. கல்யாணமாகி இந்தப் பதினைந்து வருடத்தில் இங்கே இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை என்பதாக. எனக்கு அது அதுவரை தெரியாது. என் நாட்குறிப்புகளில் பார்த்தேன், உண்மைதான்.

பலூன் வந்த மறுநாள் மெக்கானிக்கும் நானும் பஸ்ஸில் கிளம்பினோம். பெட்டியை அவர் மடியில் வைத்திருந்தார், என்னைத் தொட விடவில்லை. இடது பின் சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரிலிருந்துதான் எண்ணெய் கசிகிறது என்று கண்டுபிடித்து அதையும் சரி செய்தார். உச்சிவேளைக்குள் வேலை முடிந்தது. கார் நான்கு காலிலும் ஒரே உயரத்தில் நின்றது.

மனைவி தம்பி மனைவியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காய்.

"அதுக்குள்ள பலூன் வந்துருச்சுங்களா? அஞ்சு வாரம்னு சொன்னீங்களே."

"சொல்லி வெச்ச நாளையில இருந்து அஞ்சு வாரம். சரியா வந்துருச்சு. கெளம்பலாமா?"

அவள் காரைப் பார்த்தாள். வெண்டைக்காயைப் பார்த்தாள். பையில் இன்னும் எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை என்று தெரிந்தது.

"பைலட் ரன் போடாம எப்பிடிங்க கெளம்பறது? ரெண்டு நாளு நிக்கட்டும். எறங்குதான்னு பாத்துட்டுப் போலாம்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். அது இனி இறங்காது என்று சொல்ல வந்தார். நான் அவர் தோளைத் தொட்டு, சாப்பிடக் கூப்பிட்டேன். அன்று மாலை அவர் மட்டும் பஸ் ஏறினார். நான் யூனிட்டுக்குப் போன் செய்து புதன்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.